வகுப்பு முடிந்த பிறகு

முதலில், அவளைக் கேட்காமலே பாடக்குறிப்பை எழுதத் தொடங்கினான். அடுத்து, இணையச் சந்திப்பை அவள் பயிற்சிப் பள்ளியில் இருக்கும் நேரத்தில் வைத்தான். மூன்றாவதாக, இருவருக்கும் பொதுவான கோப்பில் அவள் பாடம் நெடுக எழுதியிருந்த வரிகளை வெட்டிக் கடைசிக் கட்டத்தில் ஒட்டினான்: 'காது கேளாத மாணவருக்கு, வகுப்பு முடிந்த பிறகு.' கடைசியாக, அவளைப் பிடிவாதக்காரி என்றான்.

அவன் இளம்பரிதி, பொது ஆசிரியர் பயிற்சி மாணவன். அவள் மரியபுஷ்பம், வேறு ஊரில் சிறப்புக் கல்வி படிப்பவள். இனி இந்தப் பாடத்தில் தன் பெயர் வேண்டாம் என்று எழுதிவிட்டாள். பொது ஆசிரியரும் சிறப்பு ஆசிரியரும் சேர்ந்தே பாடம் எடுக்க வேண்டும் என்பது விதி; ஜோடி இல்லாதவனுக்குத் திங்கட்கிழமை பள்ளியில் தேர்வு வகுப்பு கிடையாது. ஓர் ஆண்டு வீணாகும்.

அவன் பேராசிரியை உமையாளிடம் போய் நின்றான்.

"பாடம் என்னுது, மேடம். அவங்களுது அஞ்சு வரி. நான் தனியா எடுத்தா என்ன குறையும்?"

 இரு ஊர் மாணவர்களும் சேரும் அன்றைய இணைய வகுப்பில் அவன் பாடத்தைச் சக மாணவன் சங்கரவேலு எடுக்கட்டும் என்றார் அவர். இவன் மாணவனாக உட்கார வேண்டும். ஒலியை நிறுத்திவிட வேண்டும்.

திரையில் முகங்கள் வாயசைத்தன. நீர் ஆவியாகும் பாடம் தனக்கு மனப்பாடம் என்று சாய்ந்து உட்கார்ந்தான். திடீரென்று எல்லாரும் சிரித்தார்கள். சங்கரவேலு இவனைப் பார்த்து ஏதோ கேட்டான். இவன் சும்மா தலையாட்டினான். சிரிப்பு இன்னும் பெருகியது. மரியபுஷ்பம் மட்டும் சிரிக்கவில்லை.

பொறுக்காமல் ஒலியைத் திறந்தான்.

"எதுக்கு மேடம் சிரிச்சாங்க?"

"வகுப்பு முடிஞ்ச பிறகு சொல்றேன்" என்றார் உமையாள்.

அதற்குப் பிறகு அவன் பாடத்தைக் கவனிக்கவில்லை. வகுப்பு முடிந்தது. ஒவ்வொருவராகக் கிளம்பும்போது, கொஞ்சம் இருங்கள் என்று கேட்டுக்கொண்டான். கோப்பைத் திறந்தான். அந்த ஐந்து வரிகளை, எல்லாரும் பார்க்க, ஒவ்வொன்றாகப் பழைய இடத்தில் வைத்தான். மூன்றாவது வரியில் கை தயங்கியது.

"அது படம் காட்டுறதுக்கு முன்னாடி வரும், பரிதி" என்றாள் மரியபுஷ்பம்.

"உங்க பேரைப் போடலாமா?"

அவள் ஐந்து வரிகளையும் மேலிருந்து கீழே ஒருமுறை படித்தாள். பிறகு, போடுங்க என்றாள்.

"வாசி" என்றார் உமையாள்.

அவன் வாசித்தான்.

"பாடம் தயாரித்தவர்கள்: மரியபுஷ்பம்..."

தன் பெயரை அவன் வாசிக்கவில்லை.