ஆவுடையின் மடக்குக் கத்தி

மலையடிவாரத்தில் ஒரு மடம். மடம் என்றதும் கோபுரம், குளம், யானை என்று கற்பனையை ஓடவிட வேண்டாம். ஓடு வேய்ந்த இரண்டு அறை, ஓர் அடுப்படி, பின்னால் கொய்யாத் தோப்பு. அவ்வளவுதான். குருவின் பெயர் உலகம்மை. வயது நாற்பது. அவருடைய சீடர்களில் மூத்தவரான நல்லபெருமாளுக்கு அறுபத்தைந்து இருக்கும். அவர் குருவை அம்மா என்பார். குரு அவரை அண்ணாச்சி என்பார். இரண்டு பேருக்கும் அது சரியாகத்தான் இருந்தது.

நல்லபெருமாள் ஊர் ஊராகப் போய் அடிபம்பு ரிப்பேர் பார்த்தவர். மனைவி ஆவுடை இறந்த பிறகு அந்த வீட்டுக்குள் இருக்க முடியாமல் மடத்துக்கு வந்தார். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். ஸ்பானர் பிடித்த கையும் அந்த ஜாதிதான். வந்த கொஞ்ச நாளிலேயே கதவுக் கீல், கிணற்று உருளை, பெஞ்சுக் கால் என்று ஆட்டம் கண்ட எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. சாமி படம் மாட்டியிருந்த ஆணியைக்கூட ஒரு தட்டுத் தட்டித்தான் நகர்ந்தார்.

மனசுக்குத்தான் ஸ்பானர் கிடைக்கவில்லை. இலையில் உட்கார்ந்தால் ஆவுடை ஞாபகம். தியானத்துக்குக் கண்ணை மூடினால் முதல் ஆளாக அவள் வந்து உட்கார்ந்துவிடுவாள். மனிதர் உருகிப்போனார்.

ஒருநாள் தோப்பில் குருவிடம் கேட்டுவிட்டார்.

"அம்மா, இந்த ஏக்கம் எப்பத் தீரும்?"

குரு கைக்கு எட்டிய ஒரு கொய்யாவைப் பறித்தார்.

"கத்தி இருக்கா அண்ணாச்சி?"

நல்லபெருமாள் மடியிலிருந்து ஒரு மடக்குக் கத்தியை எடுத்து விரித்துக் கொடுத்தார். இரண்டு மெல்லிய பித்தளைத் தகடுதான் பிடி. நடுவில் வெற்றிடம். மடக்கினால் அலகு அதற்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். குரு பழத்தை நறுக்கும்போது கத்தி கடகடவென்று ஆடியது.

"என்ன இந்த ஆட்டம் ஆடுது! மடத்துல எல்லாத்தையும் முறுக்கினிய. இதை மட்டும் ஏன் விட்டுட்டிய?"

"இது அவ கத்திம்மா. ஆடித்தபசுத் திருவிழாக் கடையில வாங்கினா. அப்பவே நான் சரிபண்ணப் பாத்தேன். 'என் கத்தியில கைய வச்சிய, உங்களுக்கு இன்னைக்குச் சோறு கிடையாது'ன்னுட்டா."

"இப்பம் சோறு மடத்துலதானே?"

பாதிப் பழத்தையும் கத்தியையும் அவர் கையில் கொடுத்துவிட்டுக் குரு போய்விட்டார்.

நல்லபெருமாள் பழத்தைத் தின்னவில்லை. கத்தியையே பார்த்துக்கொண்டிருந்தார். பதில் கிடைத்துவிட்டது என்று அவருக்குத் தோன்றியது. மிச்சம் இருக்கிற ஒரே ஆட்டம் இதுதானே?

அன்றைக்கே வேலையை ஆரம்பித்தார். ரிவிட்டைத் தட்டி இறுக்கினார். அரக்கை உருக்கி, செங்கல்பொடி கலந்து, தகடுகளுக்கு நடுவில் வழிய வழிய ஊற்றினார். ஆறியதும் மேலே நூல்கயிறு சுற்றினார். இனி அலகு உள்ளே போகாது, கத்தியை மடக்க முடியாது. அது தெரியாமல் செய்கிற ஆளா அவர்? தெரிந்தேதான் செய்தார். கையில் பிடித்தால் திம்மென்று இருந்தது. உதறிப் பார்த்தார். சத்தமே இல்லை.

குருவிடம் காட்டினார். குருவும் பிடித்துப் பார்த்தார்.

"நல்ல கனமா இருக்கு. இனிமே எங்க வைப்பிய?"

"விரிஞ்ச கத்தியை மடியில வைக்க முடியுமா? அடுப்படியில கிடக்கட்டும்மா."

அடுப்படியில் கரண்டிகளோடு கரண்டியாக அதுவும் தொங்கியது. ஒருவர் பூசணிக்காய் வெட்டினார். இன்னொருவர் தேங்காய் கீறினார். எல்லோரும் பிடி பிரமாதம் என்றார்கள். நல்லபெருமாளுக்குப் பெருமை தாங்கவில்லை. சோறு இறங்கியது. தியானத்தில் கண்ணை மூடினால் யாரும் வரவில்லை. அட, இவ்வளவுதானா விஷயம் என்று நினைத்துக்கொண்டார்.

ஒருநாள் கிணற்றடியில் வாளிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். சும்மா, ஆவுடை தன்னை எப்படிக் கூப்பிடுவாள் என்று நினைத்துப் பார்த்தார். வார்த்தை ஞாபகம் வந்தது. குரல் வரவில்லை. மறுபடி நினைத்தார். யாரோ ஒரு பொம்பிளையின் குரல் வந்தது. அது ஆவுடை இல்லை.

கயிற்றைப் போட்டுவிட்டு அடுப்படிக்கு ஓடினார். கத்தியை எடுத்துக் காதோரம் வைத்து உதறினார். திரும்பத் திரும்ப உதறினார். அது கல் மாதிரி இருந்தது.

அடுப்புக்குப் பக்கத்தில் குரு கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"என்ன அண்ணாச்சி?"

"ஏக்கம் போயிட்டும்மா."

"நல்லதுதானே?"

"அவளையும் காணுமே!"

சொல்லிவிட்டுக் குழந்தை மாதிரி அழுதார். குரு கீரையைக் கீழே வைத்தார்.

"கத்தியை எப்பவும் மடியிலதான் வச்சிருப்பாம்மா. அவ நடந்தா அலகு தகட்டுல தட்டிக்கிட்டே வரும். நான் பம்பைப் பிரிச்சுப் போட்டுக் குனிஞ்சு கிடப்பேன். முதல்ல சத்தம் வரும். பின்னாலேயே தூக்குவாளியோட அவ வருவா. அவ போன பிறகு நான் மடியில வச்சு நடந்தேன். தட்டுற ஒவ்வொரு தடவையும் திரும்பித் திரும்பிப் பாத்தேன். ஒருத்தியும் இல்ல. அந்த வலி பொறுக்காமத்தான் இதை அடைச்சேன்."

குரு கத்தியை வாங்கி நூல்கயிற்றின் முடிச்சை அவிழ்த்தார்.

"அரக்குதானே. தணல்ல காட்டினா இளகிரும்."

"மறுபடியும் ஆடுமே."

"ஆடும்."

"நான் மறுபடியும் திரும்பிப் பாப்பேனே. மறுபடியும் வலிக்குமேம்மா."

குரு அடுப்பைக் கிளறித் தணலை முன்னால் இழுத்தார்.

"வலிக்கத்தான் செய்யும் அண்ணாச்சி. மதினி வர்றதுக்கு வேற வழி என்ன இருக்கு?"