தினைக்காட்டில் வேட்டை பழகிய ராசா

கிட்ட வந்து உட்காருங்கள். வெற்றிலை போடுகிறவர்கள் இப்போதே மென்று முடித்துவிடுங்கள், நடுவில் சிரித்தால் புரையேறும்.

முன்னொரு காலத்தில் ஏழுகுன்று நாட்டை அதிரூபன் என்று ஒரு ராசா ஆண்டான். அந்த நாட்டில் ஒரு வழக்கம். வருசத்தின் முதல் பன்றியை ராசாதான் அடிக்க வேண்டும். அதுவரை வேறு யாரும் வில்லில் நாண் ஏற்றக் கூடாது.

அவன் அப்பனுக்கு அது ஒரு நாள் வேலை. அதிரூபனோ பட்டத்துக்கு வந்து இரண்டு வருசமாக ஓணானைக்கூட அடித்ததில்லை. பன்றிகள் குட்டியும் குடும்பமுமாகப் பெருகி, போன வருசத் தினையைத் தின்று தீர்த்தன. இந்த வருச அறுப்புக்கு இன்னும் பத்து நாள். இதுவும் போனால் மலைச்சனம் பட்டினிதான். காட்டுக் கிழங்கையும் பன்றி தோண்டித் தின்றாயிற்று.

ஊர் கூடி முறையிட்டது. ராசா வேட்டை பழகச் சம்மதித்தான். பழக்க வந்தவள் கொற்றி, முப்பது வருசம் காட்டில் அலைந்த வேட்டுவச்சி. காலடியைப் பார்த்தே பன்றி பசியோடு போனதா, வயிறு நிறைந்து போனதா என்று சொல்லுவாள்.

முதல் நாள், உடம்பில் வாசனை கூடாது, காற்று நம் முகத்தில் அடிக்க வேண்டும் என்றாள். ராசா பெரிய மனசு பண்ணிச் சந்தனத்தை விட்டான். புனுகையும் ஜவ்வாதையும் விடவில்லை. அவை இல்லாவிட்டால் தன்னைத் தனக்கே அடையாளம் தெரியாதாம். பன்றிகள் ஒரு குன்று தாண்டி ஓடின.

இரண்டாம் நாள், சத்தம் கூடாது என்றாள். முரசை நிறுத்தினான். கட்டியக்காரனை நிறுத்த மனம் வரவில்லை. பத்தடிக்கு ஒரு தரம் அவன் தொண்டை கிழியக் கூவினான்: "பராக், பராக், மன்னர் மௌனமாக வருகிறார்!" பன்றிகள் இரண்டு குன்று தாண்டின.

மூன்றாம் நாள், அசையாமல் காத்திருக்க வேண்டும் என்றாள். ராசா அசையவில்லை, தூங்கிவிட்டான். அந்தக் குறட்டையைப் புலி என்று நினைத்து மிச்சப் பன்றிகளும் போயின.

விழித்ததும் கோபம் வந்தது. "கொற்றி, உனக்கு வேட்டை தெரியுமா, தெரியாதா?"

கொற்றி தினைக்காட்டைப் பார்த்தாள். மூன்று நாளாக ஒரு கதிர் கடிபடவில்லை.

"தப்பு என்னுடையதுதான் சாமி. நாங்கள் பன்றியைத் தேடிப் போகிற சனம். ராசா வேட்டை அப்படியா? ராசா நிற்பார். பன்றிதான் தேடி வந்து காலில் விழவேண்டும்."

ராசாவுக்கு உச்சி குளிர்ந்தது. இதைத்தான் மூன்று நாளாகச் சொல்ல நினைத்தானாம்.

கொற்றி தினைக்காட்டு நடுவில் பரண் கட்டி அவனை ஏற்றினாள். புனுகைத் தாராளமாகப் பூசச் சொன்னாள். கட்டியக்காரனைக் கூவச் சொன்னாள். முரசையும் வரவழைத்தாள். முதுகுக்குக் காற்று, முகத்துக்குக் காடு. காற்று மாறும்போதெல்லாம் ஏறிப்போய், ராசாவின் தோளைப் பிடித்துத் திருப்பி வைத்தாள். "இந்தப் பக்கம்தான் சாமி, கம்பீரமாக இருக்கிறது." ஏழு நாள் நின்றான் மகராசன்.

தினையெல்லாம் அறுத்து வீடு சேர்ந்த பிறகு கேட்டான், ஒரு பன்றியும் வரவில்லையே என்று. பயந்துவிட்டன என்றாள். அதையே வெற்றி என்று முரசறையச் சொல்லிவிட்டு இறங்கினான். கொற்றி பரணைப் பிரிக்கவில்லை. கும்பிட்டு நின்று, அடுத்த வருசம் கதிர் பால் பிடிக்கும்போதே வந்துவிடும்படி ராசாவுக்கு நாள் குறித்துக் கொடுத்தாள்.

சொல்லிக் கொடுத்தும் கற்றுக்கொள்ளாதவன், கற்றவர் நிறுத்திய இடத்தில் பொம்மையாய் நிற்பான்.