உதறாத பூச்சி

“எவனோ ஒரு படுபாவி அரண்மனைக் களஞ்சியத்துக்குத் தீ வைத்துவிட்டு ஓடிவிட்டான், அம்மா. நெருப்போடு புழங்குகிறவன் என்று சுண்ணாம்பு சுடும் காளவாய்க்காரன் ஆண்டியைப் பிடித்துக் கட்டியிருக்கிறார்களாம். நாளை உச்சிப்பொழுதில் கையை வெட்டப் போகிறார்களாம். அந்தப் பாவிக்கு நெஞ்சே கிடையாதா?”

என்று கேட்டான் கொற்றன்.

அந்தப் பாவி அவன்தான்.

அரண்மனைக் காவற்காரன் அவனைப் பிடரியில் கைவைத்துத் தள்ளிய ஆத்திரம், கைக்கெட்டிய ஒரு பந்தம், அவ்வளவுதான். மலைமேல் மடத்துக்கு ஓடிவந்து, மொட்டையடித்துக் காவி கட்டிப் பதினோரு நாள். வந்தவனிடம் ஒரு மண்டலம் வரை ஊர், பேர் கேட்பதில்லை என்பது அந்த மடத்து வழக்கம். அதை நம்பித்தான் உயிரைக் கையில் பிடித்திருந்தான்.

மடத்துத் தலைவி குழலியம்மை அவனைவிடப் பத்து வயது இளையவள். கொய்யாக் கிளை ஒன்றைத் தாழ்த்தினாள். என்ன தெரிகிறது என்றாள். இலை என்றான்.

ஊதினாள். எல்லா இலையும் ஆடி நின்றன. இரண்டு மட்டும் நிற்கவில்லை. அவற்றுக்குக் கால் இருந்தது.

“‘பூச்சியா நீ?’ என்று கேள். ‘இலை’ என்னும். இல்லை என்றும் ஆயிற்று, இலை என்றும் ஆயிற்று. ஒரே சொல்லில் இரண்டு பொய்.”

கொற்றனுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் செத்தது.

ஒரு பூச்சி மற்றதன் ஓரத்தில் வாயை வைத்துக் கடிக்கத் தொடங்கியது. கடிபட்டது அசையவில்லை.

“தன் இனத்தையேவா தின்னும்?”

“அதற்கு என்ன தெரியும்? இலை என்று தின்கிறது.”

“இது ஏன் உதறவில்லை?”

“உதறினால் பூச்சி என்று தெரிந்துவிடுமே.”

அவன் மொட்டைத்தலை வேர்த்துக் கொட்டியது. பேரத்தில் இறங்கினான். தீ வைத்தவன் ஒரு மண்டலம் பட்டினி கிடந்தால் தீருமா என்றான். இல்லை என்று தலையாட்டினாள். வருஷம் முழுக்க? அதற்கும் இல்லை. ஆயுளுக்கும் வாய் பேசாமல் இருந்துவிட்டால்?

“அதைத்தானே இப்போது செய்துகொண்டிருக்கிறான்?”

கிளையை விட்டுவிட்டாள்.

“அவன் எவனோ, எனக்குத் தெரியாது. கண்டால் சொல். கீழே இறங்க அரைநாள் வழி, இப்போதே கிளம்பட்டும். ஆண்டிக்குக் கை இருக்கும்போதே போய், ‘நான்தான்’ என்று சொல்லி அவன் கட்டை அவிழ்க்க வைக்கட்டும்.”