ஆறு பித்தளைக் கூடுகள்

"துப்பாக்கி கோணல், தங்கச்சி" என்றான் சடையாண்டி.

குஞ்சரம் பெட்ரோமாக்ஸ் விளக்கின் பம்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எப்போலேருந்து?"

"போன வியாழக்கிழமையிலேருந்து."

போன வியாழக்கிழமைதான் ஏழாம் நம்பர் தேயிலைக் காட்டில் சிறுத்தை சடையாண்டியின் மைத்துனியைக் கொன்றது. முதுகில் கொழுந்துக் கூடை இருந்தபடியே இழுத்துப் போனது. ஒரே மாதத்தில் அது இரண்டாவது ஆள். அன்று மாலை எண்பது கஜத்தில் அதே சிறுத்தை பாறைமேல் நின்றது. சடையாண்டி சுட்டான். குண்டு ஒரு முழம் தள்ளிப் போய் ஒரு தேயிலைச் செடியை ஒடித்தது.

"அதுக்கு முன்னாடி நேரா இருந்துச்சா?"

"அதுக்கு முன்னாடி காட்டுப்பன்றியைத்தான் விரட்டுவேன். சத்தத்துக்கே ஓடிரும்."

"அப்ப அப்பவும் கோணல்தான் அண்ணே. பன்றிக்குத் தெரியலை."

துப்பாக்கிக்கு வயது அறுபது. வெள்ளைக்காரத் துரை கப்பலேறும்போது, தனக்கு மிருகம் காட்டித் திரிந்த சடையாண்டியின் அப்பனிடம் அதைக் கொடுத்துவிட்டுப் போனார். கூடவே ஒரு புத்தகம், ஓர் அச்சு, ஆறு பித்தளைத் தோட்டாக்கூடுகள். அந்த அளவுத் தோட்டா இப்போது எந்தக் கடையிலும் இல்லை. சுட்ட கூட்டையே எடுத்து, அடியில் பொறி தட்டும் கேப்பு மாற்றி, வெடிமருந்து போட்டு, குண்டு செருகி, மறுபடியும் சுட வேண்டும். அப்பன் செத்த பிறகு லைசென்சு மகன் பேருக்கு வந்தது.

வெள்ளைக்காரத் துரை போனார். நம்மவர் ஒருவர் துரையாக வந்தார். தொப்பி அதேதான்.

குஞ்சரம் யுத்த காலத்தில் தொடங்கி தோட்டா ஆலையில் ஏழு வருடம் வேலை பார்த்தவள். இயந்திரத்தில் விரல் போன ஒருத்திக்காக ஆலைக் கேட்டை மறித்து உட்கார்ந்தாள். வெளியே தள்ளினார்கள். இப்போது மலையடிவாரத்தில் ஸ்டவ்வும் விளக்கும் பழுது பார்க்கிறாள். உட்கார்ந்ததற்காக அவள் ஒரு நாளும் வருந்தியதில்லை.

"ஏழாம் நம்பருக்குப் போக மாட்டோம்னு நாற்பது பேரு நிக்கிறோம்" என்றான் சடையாண்டி. "திங்கக்கிழமை காலையில வேலைக்கு இறங்கலேன்னா எல்லார் பேரையும் வெட்டிருவேன்னு துரை சொல்லிட்டார். குடியிருக்கிற லயத்தையும் காலி பண்ணணும். அதுக்குள்ள சிறுத்தை சாகணும்."

"துரை சுட மாட்டாரா?"

"அவர்கிட்டயும் இதே மாதிரி ஒண்ணு இருக்கு. இதோட கூடப் பிறந்தது. தோட்டா இல்லாம சுவர்ல தொங்குது."

"உங்க தோட்டாவைக் காட்டுங்க."

காட்டினான். அவள் ஒன்றைக் காதருகே வைத்து ஆட்டினாள்.

"மருந்து எவ்வளவு?"

"புத்தகத்துல உச்ச அளவு எதுவோ அது. அதுக்கு மேல கொஞ்சம்."

"மேல கொஞ்சம் எதுக்கு?"

"பெரிய மிருகம்ல."

"எங்க சங்கத்துல ஒரு பேச்சாளர் இருந்தார். மைக்கு வேண்டாம், மூணு தெருவுக்குக் கேட்கும். அவர் பேசி முடிக்கிறப்போ எதிர்ல நாற்காலி மட்டும் இருக்கும்."

தோட்டாவை அவன் கையில் திரும்ப வைத்தாள்.

"குறைச்சுட்டு வாங்க. ஆறுலயும் ஒரே அளவு இருக்கணும்."

மறுநாள் வந்தான்.

"ஒரு முழம் ஒரு சாணாச்சு, தங்கச்சி."

"போதுமா?"

"சிறுத்தை நெஞ்சே ஒரு சாண்தான். போதாது. குழல் தேஞ்சு போச்சுன்னு நினைக்கிறேன். கிழட்டுத் துப்பாக்கி, வேற என்ன சொல்ல."

"துப்பாக்கியைக் குறை சொன்னது போதும். கூட்டை எப்படித் தயார் பண்றீங்க? என் எதிர்ல செய்யுங்க."

சடையாண்டி சுட்ட கூடு ஒன்றை எடுத்தான். எண்ணெய் தடவினான். இரும்பு அச்சுக்குள் வைத்து, கைப்பிடியைப் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினான். அடிமுதல் நுனிவரை அழுத்தினான். கூடு ஒல்லியாகி வெளியே வந்தது. வேட்டியில் துடைத்துப் பெருமையோடு நீட்டினான்.

"சுட்டா உள்ளே கிடந்து வீங்கிருது. ஒவ்வொரு தடவையும் நசுக்கிப் புதுசு மாதிரி ஆக்கிருவேன். புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்குன்னு வாத்தியார் படிச்சுச் சொன்னார். அப்பத்தான் இந்த ரகத்துல எந்தத் துப்பாக்கியிலயும் போகுமாம்."

"உங்ககிட்ட எத்தனை துப்பாக்கி இருக்கு?"

"ஒண்ணுதான்."

குஞ்சரம் எட்டி அவன் இடுப்பிலிருந்த கவ்வாத்துக் கத்தியை உருவினாள். தேயிலைச் செடி கழிக்கிற கத்தி. பட்டறைப் பிடியில் மாட்டி முறுக்கினாள். பெரிய அரத்தை எடுத்து அதன் மரப்பிடியை ராவத் தொடங்கினாள்.

"ஏய், ஏய்! என்ன பண்றே?"

"பிடி பள்ளம் விழுந்து கிடக்கு. ராவிப் புதுசு மாதிரி ஆக்குறேன். எவன் கையிலயும் நிக்கும்."

"எவன் கையில எதுக்கு நிக்கணும்? பன்னெண்டு வருசம் வெட்டி என் விரல் உட்கார்ந்த இடம் அது! அந்தப் பள்ளம் இல்லாட்டி மத்தியானத்துக்குள்ள கை கொப்பளிச்சுப் போகும்!"

பாய்ந்து கத்தியைப் பிடுங்கினான். பிடியில் ஓரத்தில் கொஞ்சம் போயிருந்தது. விரல்களைப் பள்ளத்தில் வைத்துப் பார்த்தான். இன்னும் பொருந்தியது. மூச்சு விட்டான்.

பிறகு மேசையைப் பார்த்தான். ஒல்லியாக, பளபளவென்று, எந்தத் துப்பாக்கிக்கும் போகிற பித்தளைக் கூடு அங்கே கிடந்தது.

அதை எடுத்து விரல்களுக்கிடையே உருட்டினான்.

"அந்தப் பழைய குழலுக்குள்ள இது தொளதொளன்னு கிடக்கும்" என்றான் மெதுவாக. "குண்டு புறப்படும்போதே சாய்ஞ்சு புறப்படும்."

குஞ்சரம் விளக்கின் பம்பை மறுபடி எடுத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை சடையாண்டி ஆறு கூடுகளையும் ஒருமுறை சுட்டு, தன் குழலின் அளவுக்கே வீங்க விட்டான். குண்டைப் பிடித்துக்கொள்ளும் அளவுக்குக் கூட்டின் வாயை மட்டும் இறுக்கினான். உடம்பைத் தொடவில்லை. மருந்தை ஆறுக்கும் ஒரே அளவில் போட்டான். எண்பது கஜத்தில் ஒரு வெற்றிலையைக் குத்தி வைத்து ஆறையும் சுட்டான்.

வெற்றிலையைக் குஞ்சரத்திடம் கொண்டுவந்து காட்டினான். நடுவில் ஒரே ஓட்டை, கொஞ்சம் பெரிதாக.

அவள் கட்டைவிரலை அதற்குள் விட்டுப் பார்த்தாள்.

"ஒரு வெற்றிலை வீணாப் போச்சு" என்றாள். ஆனால் அதைத் தூக்கி எறியவில்லை.

அன்றைக்கே அவன் ஆறையும் மறுபடி அதே மாதிரி நிரப்பினான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் துரை லயத்துக்கே வந்துவிட்டார். வெற்றிலைக் கதையைக் கங்காணி சொல்லியிருந்தான். சுவரில் தொங்கிய துப்பாக்கி இன்று துரையின் தோளில் தொங்கியது.

"தோட்டாவை எடு. சிறுத்தையை நான் சுடறேன்."

"துரை, இந்தத் தோட்டா வந்து..."

"ஒரே கம்பெனி, ஒரே அளவு. எனக்குப் பாடம் நடத்தாதே."

"இல்லை துரை, கூடு..."

"வாயை மூடுடா."

சடையாண்டி மூடிக்கொண்டான்.

துரை ஐந்தை எடுத்துச் சட்டைப்பையில் போட்டார். ஒன்றை அவன் கையில் போட்டார். "நீயும் வா. மிச்சம் மீதி இருந்தா நீ சுடு."

நாளைக்குக் கிளப்பில் துரை சிறுத்தைமேல் காலை வைத்து நிற்கும் படம் மாட்டப்படும். தொழிலாளியைக் காப்பாற்றியவர் என்று கீழே எழுதுவார்கள். நாற்பது பேரும் தலை குனிந்து ஏழாம் நம்பருக்கு ஏறுவார்கள். லயத்தில் எல்லோருக்கும் அது தெரியும்.

மாலை ஐந்து மணி. ஏழாம் நம்பர் காட்டின் ஓரத்துச் சவுக்குமரத்தில் பரண். எண்பது கஜத்தில், அதே பாறையடியில், ஓர் ஆடு கட்டியிருந்தது. கத்திக்கொண்டே இருந்தது.

துரை ஒரு தோட்டாவைத் துப்பாக்கியில் போட்டு, அதைப் பூட்டும் போல்ட்டைத் தள்ளினார். பாதியில் நின்றது.

அடித்துத் தள்ளினார். மூடவில்லை.

அதை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போட்டார். நின்றது. மூன்றாவது. நான்காவது. ஐந்தாவதை உள்ளங்கையால் குத்தினார். உள்ளங்கையில் தோல் கிழிந்தது.

தன் துப்பாக்கியில் சடையாண்டி அந்த ஒற்றைத் தோட்டாவைப் போட்டான். போல்ட் சத்தமில்லாமல் மூடியது.

"அதை இங்கே கொடு" என்றார் துரை.

"லைசென்சு என் பேர்ல இருக்கு, துரை."

துரையின் முகம் சிவந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

ஆடு கத்துவதை நிறுத்தியது.

பாறைமேல் சிறுத்தை நின்றது. வியாழக்கிழமை நின்ற அதே இடம். சடையாண்டியின் கன்னம் துப்பாக்கிக் கட்டையில் பதிந்தது.

ஒரு வெடி. அவ்வளவு பெரிய சத்தம்கூட இல்லை.

சிறுத்தை நின்ற இடத்திலேயே மடங்கி, பாறையிலிருந்து நழுவி, ஆட்டுக்கு இரண்டு கை தள்ளி விழுந்தது. அப்புறம் அசையவில்லை.

கீழே லயத்திலிருந்து ஆட்கள் கூச்சலிட்டுக்கொண்டு மேலே ஓடி வந்தார்கள். ஆணும் பெண்ணும் நாற்பது பேரும். அவர்கள் கண்ணில் பட்டது புகை விடும் ஒரு துப்பாக்கி. அது யார் கையில் இருந்தது என்பதும்தான்.

பரணிலிருந்து இறங்கிய துரை ஒரு தோட்டாவை வெளிச்சத்தில் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"இதை அந்தப் பொம்பளை என்னடா பண்ணினா?"

"ஒண்ணும் பண்ணலை, துரை" என்றான் சடையாண்டி. "நசுக்காம விடச் சொன்னாங்க."