ஊற்றை மூடிய கீரிகள்

மலையடிவாரத்துச் சிறு காடொன்றில் கீரிகள் வாழ்ந்தன. நாகம் படமெடுத்தாலும் பின்வாங்காத குலம் அது.

ஒரு கோடையில் ஓடை வற்றியது. அண்டைப் பெருங்காட்டு யானை துதிக்கை நிறைய நீர் கொணர்ந்து பாறைக்குழியில் ஊற்றியது. கீரிகள் நன்றி கூறின. அதில் இழுக்கில்லை.

மறு கோடையில், ஓடை வற்றுமுன்பே கேட்டன. பின்னர் மழைக்காலத்திலும் கேட்டன. நாகத்தின் முன் வளையாத முதுகுகள் துதிக்கையின் முன் வில்லாய் வளைந்தன.

கூர்நகி என்னும் தாய்க்கீரி மட்டும் மருதமரத்தடியில் நாள்தோறும் மண்ணைத் தோண்டினாள். ஒரு காலையில் ஊற்று பீறிட்டது. அவளுடைய மூன்று குட்டிகளும் வயிறு முட்டக் குடித்தன.

தலைவன் வீரவாலன் ஓடிவந்தான். "மூடு இதை! நாளை யானையார் வருகிறார். கண்டால் இனி நீர் தருவாரா?"

"ஊற்று இருக்கையில் அவர் நீர் எதற்கு?"

"அறிவிலி! ஊற்றில் கண்டவனும் வாய் வைப்பான். யானையார் நீரைப் பங்கிடுபவன் நான் அல்லவா?"

"அப்படிச் சொல். உன் தாகம் நீருக்கன்று."

மற்றக் கீரிகளோ, "வருவதை ஏன் கெடுக்கிறாய், அக்கா?" என்று அவளையே ஏசின. எல்லாமாகக் கூடி, மேட்டிலிருந்து ஒரு பெருங்கல்லை உருட்டி ஊற்றை அடைத்தன.

மறுநாள் யானை வந்தது. "சொந்த நீர் ஏதும் உண்டா?"

அந்தக் கல்லின் மேலேயே அமர்ந்து, "ஒரு சொட்டும் இல்லை, ஐயா!" என்றான் வீரவாலன்.

"நானில்லாவிடில் என்ன ஆவீர்கள்!" என்று யானை பூரித்தது.

அடுத்த கோடையில் பெருங்காட்டு ஏரியே வறண்டு வெடித்தது. யானை வரவில்லை. கீரிகள் ஓடிச்சென்று கல்லைத் தள்ளின. சரிவில் இறங்கிய கல் மேடேற மறுத்தது.

"அடைக்கத் தெரிந்த உங்களுக்குத் திறக்கத் தெரியவில்லையா?" என்றாள் கூர்நகி. கல்லின் ஓரத்து ஈரமண்ணை நக்கியபடியே அவளுடைய கடைக்குட்டி இறந்தது.

மழை பெய்தபின் யானை மீண்டும் வந்தது. "இவ்வாண்டு எவ்வளவு வேண்டும்?"

"இரு மடங்கு, ஐயா!" என்றான் வீரவாலன், அதே கல்லின் மேல் நின்று.

கூர்நகி முன்னே வந்தாள். முதுகை வளைக்கவில்லை. "நீர் வேண்டாம். இந்தக் கல்லை அகற்றுங்கள், போதும். மேலே நிற்பவனை நாங்களே இறக்கிக்கொள்கிறோம்."

அவள் பின்னே கீரிகள் திரண்டன. இத்தனை ஆண்டுகள் இளித்த பற்கள் அன்றுதான் கடிக்க எழுந்தன.

நீதி: பிறர் நீரை நம்பித் தன் ஊற்றை மூடும் குலத்துக்கு, அதன் குட்டிகளைக் கொல்ல வேறு பகை வேண்டியதில்லை.