வாயில் குளம் சுமந்த கூழைக்கடா

இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் பல்லெல்லாம் கொட்டிப்போகட்டும். ஏற்கெனவே கொட்டியவை வேறு கதைகளில் போனவை, அவற்றைச் சேர்க்காதீர்கள். இது முழுக்க முழுக்க நடந்தது.

கடலுக்கு அப்பால் ஒரு தீவு. அதன் நடுவே ஒரு நன்னீர்க் குளம். அந்தக் குளத்துக் கெண்டையை நம்பிப் பதினோரு நீர்நாய்க் குடும்பங்கள் பிழைத்தன. கடலலையில் இறங்கி மீன்பிடிக்க அவற்றுக்கு வராது. ஐப்பசிப் புயலில் கடல் கரையை உடைத்துக்கொண்டு குளத்துக்குள் புகுந்தது. உப்பு ஏறியதும் ஒரு மீன்கூட மிஞ்சவில்லை.

செய்தி கேட்டு இக்கரை ஏரியின் கூழைக்கடாக்கள் இரக்கப்பட்டன. தினமும் பத்துப் பறவைகள் கடல் தாண்டிப் போய், அலகுப் பை நிறைய மீன் கொட்டிவிட்டு வந்தன. அவற்றின் தலைவர் பெரிய தொண்டையார்.

நல்லவர்தான். ஆனால் அவர் அலகைத் திறக்குமுன் நீர்நாய்கள் வரிசையில் நின்று, முன்னங்கால்களைத் தூக்கி, "தொண்டையார் வாழ்க" என்று மூன்று முறை சொல்ல வேண்டும். குரல் இறங்கினால் மறுபடி முதலிலிருந்து.

ஒருநாள் வாழ்த்து முடிந்ததும் அவர் சொன்னார்: "இன்னும் ஆறு நாள்தான் வருவோம். எங்க கூட்டுல முட்டை பொரியப்போகுது. அப்புறம் எங்க குஞ்சுகளுக்கே மீன் பத்தாது."

தூக்கிய கால்கள் தூக்கியபடியே நின்றன. வரிசையில் பேச்சாயி என்ற தாய் நீர்நாய் இருந்தாள். அவள் வயிற்றோரம் மூன்று குட்டிகள். இன்னும் நீந்தப் பழகாதவை.

"அப்புறம் நாங்க என்ன செய்ய, அண்ணாச்சி?"

"அடுத்த வருஷம் வந்து பார்க்கோம்."

"எலும்பைப் பார்க்கவா அவ்வளவு தூரம் பறக்கணும்?"

தொண்டையார் முகம் திருப்பிக்கொண்டார். பேச்சாயி விடவில்லை.

"ஆறு நாளும் மீனை உயிரோட கொண்டுவாங்க. உடைப்பை நாங்க மண் வச்சு அடைச்சாச்சு. மழை பெஞ்சு குளமும் இனிச்சாச்சு. அதுல விட்டா பெருகும்."

"கடலைத் தாண்டுறதுக்குள்ள செத்துப்போகுமே!"

"ஏன் சாகுது? அள்ளின தண்ணியை நீங்க வடிச்சிடுதீங்க. தண்ணியோட கொண்டுவாங்க."

கூழைக்கடாக்கள் அதிர்ந்துபோயின. மீனை அள்ளியதும் அலகைச் சாய்த்து நீரை வடிப்பது அவற்றின் பரம்பரை வழக்கம். வடிக்காதவனுக்கு அந்த ஏரியில் பெண் கொடுக்கமாட்டார்கள்.

"தண்ணிப் பாரத்துல இறக்கை விட்டுப்போகும்," என்றார் தொண்டையார். "துள்ளுற மீன் நாக்குல பட்டா தொண்டை தானா விழுங்கிரும். எப்படிக் கொண்டுவரணும்னு வாங்குறவ சொல்லக்கூடாது, தாயி."

"பசிக்கிறது எங்க வயிறு. அதுவும் சொல்லக்கூடாதா?"

அவர் இறக்கையை விரித்துப் பறந்துவிட்டார். மறுநாள் வருவாரா மாட்டாரா என்று தீவில் யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள் பத்தும் வந்தன. அலைக்கு ஒரு முழம் மேலே, எதிர்காற்றில், தள்ளாடித் தள்ளாடி. தொண்டையார் கடைசியில் வந்தார். காலையில் அவரும் சாப்பிடாமல்தான் புறப்பட்டிருந்தார். பைக்குள் கெண்டை துள்ளத் துள்ளத் தொண்டை தானாகத் திறந்து மூடியது. குளத்தில் அலகைச் சாய்த்தார். மூன்று கெண்டைகள் வாலடித்து உள்ளே போயின. அன்றைக்கு வாழ்த்துக் கேட்க அவருக்கு மூச்சில்லை.

நீர்நாய்களின் பாடு அதைவிடக் கொடுமை. கண்ணெதிரே மீன், காலடியில் பசித்த குட்டி. பேச்சாயியின் புருஷன் சடையன் ஒரு காலைத் தண்ணீரில் வைத்துவிட்டான்.

"ஒண்ணே ஒண்ணு, பேச்சாயி. சின்னதா."

"அது வயித்துல ஆயிரம் கிடக்கு. காலை எடு."

"புள்ள அழுகுது."

"எனக்கும் காது இருக்கு. காலை எடு."

எடுத்தான்.

ஆறாம் நாளோடு கூழைக்கடாக்கள் நின்றுவிட்டன. பதினோரு குடும்பமும் கரையோர நத்தையைத் தின்று நாளைத் தள்ளின. மாறிமாறிக் குளத்துக்குக் காவல் இருந்தன. பிறகு நத்தையும் தீர்ந்தது. கடைக்குட்டி அழுவதை நிறுத்திவிட்டது. அதுதான் பேச்சாயியைப் பயமுறுத்தியது.

மறுநாள் விடியலில் கோரைப்புல் ஓரம் தண்ணீர் கறுத்துக் கிடந்தது. குனிந்து பார்த்தாள். கறுப்பு அசைந்தது. அத்தனையும் மீன்குஞ்சு.

"சடையா," என்றாள். "இப்பப் பிடி. பெரிசுல ஒண்ணு."

அந்த ஒரு கெண்டையைப் பதினோரு குடும்பத்துக் குட்டிகளும் பங்கிட்டுத் தின்றன. கடைக்குட்டி தின்று முடித்து, இன்னும் வேண்டும் என்று அழுதது.

அடுத்த வருஷம் தொண்டையார் வந்தார். குளம் முழுக்க நீர்நாய்கள் முங்கி எழுந்துகொண்டிருந்தன. வரிசையில் யாரும் நிற்கவில்லை. அவர் கனைத்துப் பார்த்தார். பேச்சாயி கொழுத்த கெண்டை ஒன்றைக் கொண்டுவந்து அவர் முன் வைத்தாள்.

"சாப்பிடுங்க அண்ணாச்சி."

அவர் அலகைத் தொங்கப்போட்டார். "அன்னைக்கு நான் அஞ்சு மீன் அள்ளினேன், தாயி. வழியில ரெண்டை விழுங்கிட்டேன்."

"தெரியும். அலகோரத்துல செதில் ஒட்டியிருந்துச்சு. மூணைச் சேர்த்தீங்கல்ல, சாப்பிடுங்க."

துயரப்பட்டவர்களுக்கு இன்றைய சோற்றோடு நின்றுவிடாமல், நாளை அவர்களே பிழைக்கும் வழியை அவர்களிடமே கேட்டுத் தருவதுதான் உதவி.

கேட்டாயிற்றல்லவா? சொன்னது யார் என்று மட்டும் யாரிடமும் மூச்சு விடாதீர்கள். அந்த இரண்டு மீன் சங்கதி வெளியே போனது எப்படி என்று தொண்டையார் இன்னமும் தேடிக்கொண்டிருக்கிறார்.