காயம் படாதவன்

“உடம்புல ஒரு கீறல்கூட இல்லை சாமி. அப்புறம் சாவு எந்த வழியா உள்ளே போச்சு?”

கொல்லர் ஆவுடையான் கேட்டார். மகன் சேந்தனை எரித்துவிட்டு, அவன் போட்டிருந்த கவசத்தைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து துறவியின் முன்னால் இறக்கியிருந்தார். துறவிக்கு முப்பது வயதுகூட இருக்காது. ஆனாலும் ஆவுடையானுக்கு அவர்தான் குரு.

“கூடப் போனவங்க என்ன சொல்றாங்க?”

“முதல் நாழிகையில மூணு பேரைச் சாய்ச்சானாம். அப்புறம் வாள் பிடிச்ச கை மேலே எழும்பலையாம். பின்வாங்கச் சொன்னதும் எல்லாரும் ஆத்து மணல்ல ஓடியிருக்காங்க. இவன் நடந்திருக்கான். நடந்தவன் உட்கார்ந்துட்டான். அவ்வளவுதான் சாமி. எழுந்திருக்கவே இல்லை.”

கவசத்தை ஆயிரம் தடவை புரட்டிப் பார்த்தாயிற்று. ஓட்டை இல்லை, விரிசல் இல்லை. நாற்பது வருஷத் தொழிலில் இதைவிடக் கெட்டியாக அவர் எதையும் அடித்ததில்லை. பிள்ளை போன பிறகும் அந்தப் பெருமை மட்டும் போகவில்லை, பாவம் மனிதர்.

“ஒத்தைப் பிள்ளைன்னு மூணு தகடு அதிகமாவே வச்சேன்.”

துறவி எழுந்து வெயிலுக்கு வந்தார்.

“எனக்குக் கட்டிவிடுங்க. அவனுக்குக் கட்டின மாதிரியே.”

ஆவுடையான் கட்டினார். வார்களை முதுகுப்பக்கம் இழுத்து, இரட்டை முடிச்சாகப் போட்டு இறுக்கினார்.

“முடிச்சு ஏன் பின்னால?”

“முன்னால போட்டா புழுக்கம் தாங்காம அவனே அவிழ்த்துடுவான் சாமி. போன சண்டையில அப்படித்தான் பண்ணான்.”

துறவி எதிரே இருந்த குளத்தைச் சுற்ற ஆரம்பித்தார். சித்திரை உச்சிவெயில். முதல் சுற்று வேகமாகத்தான் போனார். இரண்டாவதில் கால் இழுத்தது. மூன்றாவதில் முழங்கால் மடங்கி மண்ணில் விழுந்தார்.

“கழட்டுங்க சாமி! உசிரு போயிடும்!”

“கை எட்டலை ஐயா.”

ஆவுடையான் ஓடினார். வேர்வையில் ஊறிய வார் விரலுக்கு மசியவில்லை. பல்லால் கடித்து இழுத்தார். கடைசி முடிச்சு அவிழ்ந்ததும் துறவி மல்லாந்து படுத்து மூச்சு வாங்கினார்.

கிழவர் அந்த இரும்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவனும்... கூப்பிட்டிருப்பானா சாமி?”

“கூப்பிட்டிருப்பான்.”

“யாரை?”

துறவி கண்ணைத் திறக்கவில்லை.

“முடிச்சு உங்களுது. வேற யாரைக் கூப்பிடுவான்?”